பைக்கில் படிந்த செம்மண்

வாப்பாவுக்கு ஸலாம். எவ்வளவு கோபத்திலும் முதலில் ஸலாம் சொல்ல நீங்கள்தானே பழக்கினீர்கள்? நேரில் பேசலாமென்று பட்டறைக்கு வந்தால், தையல் மெஷினை ஓட்டி என் குரலை அமுக்கிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

தாராவியிலிருந்து கடலோரமாகவே ரத்னகிரி வரை தனியாக பைக் ஓட்டிப்போய்த் திரும்பியவள் நான். வழியில் கழிமுகங்களில் பைக்கைப் படகில் ஏற்றி இறக்கியதும் நான். பின்சீட்டில் கட்டியிருந்தது நீங்களே எனக்காகத் தைத்த தோல்பை. "தைரியமாப் போய்ட்டு வாம்மா" என்று சொன்னதும் நீங்கள்தான்.

ஆனால் பக்கத்துப் பட்டறை நசீர் மாமா, பைக்கில் செம்மண்ணைப் பார்த்துக் கேட்டபோது என்ன சொன்னீர்கள்?

"நம்ம ஷாகிர்தான் ரத்னகிரிக்குப் போய்ட்டு வந்தான். எம் மவ பாண்டுப்ல அவ பெரியம்மா வீட்லல்லா இருந்தா."

தம்பியா? ஆட்டோவில் ஏறினாலே கம்பியைப் பிடித்துக்கொள்கிறவன்! இப்போது நம் சந்து முழுக்க அவனுக்கு ஷாபாஷ் போடுகிறது. என்னிடம் "பெரியம்மா சௌக்கியமா?" என்கிறார்கள். கடல் எப்படி இருந்தது என்று நீங்கள்கூடக் கேட்கவில்லை.

இன்று காலை ஷாகிர் முகம் வெளிறி வந்து நின்றான். "லாத்தா, ஜும்ஆவுக்கு நசீர் மாமா என்கூட பைக்லதான் வருவாங்களாம். பிரேக் எந்தப் பக்கம் இருக்கு?"

கவலைப்படாதீர்கள். வெள்ளிக்கிழமை எல்லோரும் பள்ளிவாசலுக்குள் நுழையும் நேரத்தில், ஷாகிரைப் பின்னால் உட்காரவைத்து நான்தான் ஓட்டிக்கொண்டு வருவேன். மாமா நடந்து வரட்டும்.

அந்த வாசலில் ஓட்டுவதற்கு உங்களிடம் மெஷின் இருக்காது, வாப்பா.

இப்படிக்கு,
பாண்டுப்புக்குப் போகாத உங்கள் மகள்