நான்கு நொடிக் கைகள்

பிப்ரவரி 16, 2015, திங்கள்

இன்றும் உள்ளே விடவில்லை. பெண்டன் சாப்பாட்டுக் கூடத்தின் பாத்திரம் கழுவும் அறை வாசலில் மேலாளர் குறுக்கே நின்றுகொண்டான்.

"கேமரா உள்ள வரக் கூடாதும்மா. சுகாதார விதி."

"நான் தலைக்கு வலை போட்டுக்கறேன்."

"கேமராவுக்கு?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கதவை மட்டும் திறக்கவில்லை.

போன ஆகஸ்டில் எங்கள் பல்கலைக்கழகம் சமையலறைகளை ஒரு ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுத்தது. 'யாருடைய வேலையும் பாதிக்கப்படவில்லை' என்று ஓர் அறிக்கை விட்டது. நான் கேட்ட வரையில் நாற்பத்தோரு பேருக்கு வேலை நேரம் வாரம் இருபத்தொன்பது மணியாகச் சுருங்கியிருக்கிறது. முப்பதைத் தொட்டால் மருத்துவக் காப்பீடு கொடுத்தாக வேண்டும். அதனால்தான் இருபத்தொன்பது. கணக்குப் போட்டவன் நன்றாகப் படித்தவனாக இருக்க வேண்டும்.

இதழியல் வகுப்பில் இந்தப் பருவத்தின் பெரிய செய்தித் தொகுப்பு இதுதான் என்று ஹாஃப்மன் மேடத்திடம் சொல்லியிருக்கிறேன். பாதி மதிப்பெண் இதற்கு. "படம் இல்லாத செய்தி ரேடியோவுக்கு, ப்ரடாக்" என்றார். இருபது வருடம் டிவி செய்தி அறையை நடத்திவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். எங்களில் யாரையும் முதல் பெயரால் கூப்பிட்டதில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

தட்டுகளைத் தள்ளிவிடும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் உறை போட்ட கை வந்து என் தட்டைப் பிடித்துக்கொண்டது.

"கண்ணு, கேமராவோட சுத்தற பொண்ணு நீதானே? சனிக்கிழமை என் வீட்டுக்கு வா. அங்க எவன் தடுக்கறான்னு பாப்போம்."

வெர்னா ஸ்டால். அந்த ஜன்னலில் பதினொரு வருடம். நான்கு வருடமாக என் தட்டைக் கழுவியிருக்கிறார். பெயர் இன்றுதான் தெரியும். நான் செய்தியாளராம்.

பிப்ரவரி 21, சனி

வெர்னாவின் குளிர்பெட்டிக் கதவு முழுக்க வேலை அட்டவணைகள், காந்தம் வைத்து ஒட்டியவை. ஜூலை வரை நாற்பது. ஆகஸ்டிலிருந்து இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தொன்பது. சர்க்கரை மாத்திரையை இப்போது பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறார். கேமரா முன் உடைத்தே காட்டினார். வகுப்புத் தோழன் டேரியன் கேமராவைப் பிடித்திருந்தான். 

"பேர் போடலாமா?" என்றேன்.

"போடு. பேரில்லாம பேசினா புலம்பல்னுடுவாங்க."

"மத்தவங்க யாராவது பேசுவாங்களா?"

"நாப்பது பேருக்கும் வாயிருக்கு கண்ணு. வாடகையும் இருக்கு."

பிப்ரவரி 27, வெள்ளி

தவக்கால மீன் விருந்து. புனித சிரில் தேவாலயக் கூடத்தில் வழக்கம் போல ஊரே வரிசையில். வறுத்த மீன், கோஸ் சாலட், மாவு உருண்டை. அம்மா வருடா வருடம் பின்கட்டில் எண்ணெய்த் தட்டு தேய்ப்பாள். புது லென்ஸைப் பழகிப் பார்க்க அவள் கைகளைப் படம் பிடித்தேன். நுரை, நீராவி, தேய்ந்த விரல்கள். நன்றாகவே வந்திருக்கிறது.

"முகத்தை எடுக்காதடி, முடி கலைஞ்சிருக்கு" என்றாள்.

மார்ச் 2, திங்கள்

செய்தி ஒளிபரப்பாகிவிட்டது! மாணவர்கள் நடத்தும் ஐந்து மணிச் செய்தியில் மூன்றாவது. ஒரு நிமிடம் நாற்பது நொடி. நகரம் முழுக்கக் கேபிளில் வந்தது. கட்டுப்பாட்டு அறையில் டேரியன் மேசையை அறைந்தான். ஹாஃப்மன் தலையை மட்டும் ஆட்டினார். அவரிடம் அது பெரிய விஷயம்.

மே மாதம் பட்டம். ஜூனில் மார்ட்டன் ஊர் டிவி நிலையத்தில் வேலை. பட்டத்தைக் காட்டினால் போதும் என்றிருக்கிறார்கள்.

அதே நாள், இரவு உணவுக்கு முன்

அம்மா போன் செய்தாள். "ஏண்டி, டிவியில என் கை வந்துச்சே! பக்கத்து வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லிட்டேன்!"

ஆமாம். வந்தது. வெர்னாவின் பேச்சை ஓரிடத்தில் வெட்டியிருந்தேன், வெட்டு கண்ணில் குத்தியது. அதை மூட ஏதாவது படம் வேண்டும். செய்திக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் இருந்தது. கேமராவின் அதே நினைவக அட்டையில் தேவாலயப் படம் இருந்தது. கைதானே, யார் கையாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். தெரிந்தேதான் போட்டேன். இதில் எழுதும்போதாவது பொய் வேண்டாம்.

நான்கு நொடி. யாருக்குத் தெரியப் போகிறது?

மார்ச் 3, செவ்வாய்

தெரிந்துவிட்டது.

தேவாலயப் படத்தில், தட்டின் விளிம்பில் ஒட்டுத்தாள். அதில் பேனாவால் 'புனித சிரில்'. இரவல் போன பாத்திரம் திரும்பி வர வேண்டுமே என்று இந்த ஊர்த் தேவாலயச் சமையலறை எல்லாமே செய்கிற வேலை. பல்கலைக்கழகத் தகவல் அலுவலகம் அந்த நொடியை நிறுத்தி, பெரிதாக்கி, ஹாஃப்மனுக்கு அனுப்பியிருக்கிறது. 'முழுச் செய்தியும் நம்பத் தகுந்ததல்ல. நீக்கவும்.'

மாத்திரை பொய்யா? அட்டவணை பொய்யா? நாலு நொடிக்காக நூறு நொடியையும் குப்பையில போடுவாங்களாம்! இவ்வளவு கூர்மையான கண்ணு, ஆகஸ்டு மாசம் எங்கடா போச்சு?

ஆனா ஒட்டுத்தாளை அங்க வெச்சுக் கொடுத்தது யாரு? நான்தானே.

நேற்றே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மார்ச் 4, புதன்

ஹாஃப்மனின் அறை. எங்கள் கையேட்டின் முதல் பக்கம் மேசையில் திறந்திருந்தது. எல்லாருக்கும் மனப்பாடம்: ஒளிபரப்பான செய்தியில் ஒரு தகவல் தவறென்றால் மதிப்பெண் பூஜ்யம். பேச்சுக்கே இடமில்லை.

"தெரிஞ்சு போட்டியா, தெரியாமலா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

கையேட்டை மூடி வைத்தார். பிறகு, "டீன் ஒரு வழி சொல்றாரு. நீயே செய்தியைத் திரும்ப வாங்கிக்கோ. ஒளிபரப்பாகாத மாதிரி ஆயிடும். ஒளிபரப்பாகாததுக்கு மதிப்பெண்ணும் இல்ல, பூஜ்யமும் இல்ல. ஏப்ரல்ல வேற தொகுப்பு பண்ணு. மே மாசம் பட்டத்தை வாங்கிட்டுப் போ."

"வேற எதைப் பத்தி?"

"ஆற்றங்கரைல வாத்துத் திருவிழா வருது."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. களைப்பாகத்தான் இருந்தார்.

"வாங்கிக்கலைன்னா?"

"பூஜ்யம். பாடத்துல தோல்வி. ஆகஸ்டுல திரும்பவும் இதே வகுப்பு. உன் மார்ட்டன் வேலை அதுவரைக்கும் காத்திருக்காது, ப்ரடாக்."

"நீங்களா இருந்தா?"

"நான் இல்லையே. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்ள சொல்லு."

கையேட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தையும் படித்தேன். நான்கு வருடத்தில் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள் என்று தோன்றவில்லை. 'தவறு செய்தவரே திருத்தத்தை வாசிக்க வேண்டும். தவறு வந்த அதே இடத்தில் வாசிக்க வேண்டும். சரியான தகவலை முழுமையாகச் சொல்ல வேண்டும்.'

முழுமையாக.

மார்ச் 5, வியாழன்

வெர்னாவின் வீட்டுக்குப் போய் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"என் கை இல்லையா அது? அதான் பாத்தேன், நகமெல்லாம் முழுசா இருந்துச்சே!"

அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. "கேளு. பதினோரு வருஷமா 'யார் கையா இருந்தா என்ன'ன்னுதான் அவனுங்க என்னை வெச்சிருக்கானுங்க. நீயும் அதையேதான் பண்ணியிருக்க."

கேமராப் பையைக் கீழே வைத்தேன். 

செவ்வாயன்றே அவரை ஜன்னலிலிருந்து குப்பைப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். செய்தியை நான் திரும்ப வாங்கினால், அவர் பொய் சொன்னதாகத்தான் ஊர் நினைக்கும். பெயர் கொடுத்தவர் அவர். எனக்கு வாத்துத் திருவிழா.

"இப்ப எடு" என்றார். கையுறையைக் கழற்றித் தன் வீட்டுத் தொட்டியில் கையை விட்டார். வெடித்த விரல்கள், சோடா அரித்த தழும்பு. நான்கு நொடி போதும். இருபது நிமிடம் எடுத்தேன். இடம், தேதி, பெயர் மூன்றையும் அட்டை உறைமேல் எழுதினேன். எழுத்து பெரிசு பெரிசாக வந்தது.

மார்ச் 6, வெள்ளி

பத்து மணிக்கு: "வாங்கிக்க மாட்டேன் மேடம். திருத்தம் வாசிக்கறேன்."

"இருபத்தஞ்சு நொடி. ஒவ்வொரு வார்த்தையும் நான் பார்ப்பேன்."

பார்த்தார். ஒரு சொல்லை அடித்தார். 'அநியாயமாக' என்று எழுதியிருந்தேன். "அது செய்தி இல்ல, உன் வயித்தெரிச்சல்" என்றார். மற்றதைத் தொடவில்லை. மதியம் டீனிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. எடுக்கவில்லை அவர்.

ஐந்து மணி. மூன்றாவது இடம். வாசித்தது இதுதான், அப்படியே எழுதிவைக்கிறேன்:

'திங்கட்கிழமை நமது செய்தியில் வந்த நான்கு நொடிப் படம் பெண்டன் கூடத்தில் எடுக்கப்பட்டதல்ல. தவறு என்னுடையது. இப்போது நீங்கள் பார்ப்பவை வெர்னா ஸ்டால் அவர்களின் கைகள். பெண்டன் கூடத்தில் பதினொரு வருடம் பாத்திரம் கழுவியவர். சென்ற ஆகஸ்டு முதல் அவருடைய வேலை நேரம் வாரம் நாற்பதிலிருந்து இருபத்தொன்பது மணியாகக் குறைக்கப்பட்டது. செய்தியில் சொன்ன மற்ற அனைத்தும் சரியானவை. நான் ஜோலீன் ப்ரடாக்.'

இருபத்து நான்கு நொடி. குரல் நடுங்கவில்லை. 

வெளியே வந்ததும் ஹாஃப்மன் மதிப்பெண் ஏட்டைத் திறந்து, என் கண் முன்னாலேயே பூஜ்யம் போட்டார். நன்றாக வட்டமாக.

மார்ச் 11, புதன்

அம்மாவுக்கு வருத்தம், பட்டத்துக்காக அல்ல. "என் கைய எடுத்துட்டியாமே." சிரிப்பதா அழுவதா?

மார்ச் 20, வெள்ளி

மார்ட்டன் நிலையம் வேறு ஆளை எடுத்துக்கொண்டது. இரண்டு வரிக் கடிதம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

தகவல் அலுவலகம் புது அறிக்கை விட்டிருக்கிறது. 'யாருடைய வேலையும் பாதிக்கப்படவில்லை' என்பது இப்போது 'சில பணியாளர்களின் நேரம் மாற்றியமைக்கப்பட்டது'. எட்டு மாதம் எடுத்திருக்கிறது அந்த ஒரு வரிக்கு. செய்தி இன்னும் இணையத்தில் இருக்கிறது, திருத்தத்தோடு.

மே 9, சனி

பட்டமளிப்பு விழா. டேரியன் தொப்பியை வீசினான். நான் தூரத்திலிருந்து படம் எடுத்துக்கொடுத்தேன். கோடை முழுக்கப் பெயிண்ட் கடையில் வேலை.

ஆகஸ்டு 24, திங்கள்

அதே வகுப்பு, அதே நாற்காலி. என்னைத் தவிர எல்லாம் புதுமுகம். ஹாஃப்மன் கையேட்டின் முதல் பக்கத்தை வாசித்தார். முன்வரிசையில் ஒருவன், "இந்தப் பூஜ்யத்தை நிஜமாவே யாராவது வாங்கியிருக்காங்களா மேடம்?" என்றான்.

"பின்னாடி திரும்பிப் பாரு."

பதினேழு தலைகள் திரும்பின. கையைத் தூக்கினேன்.

"இப்ப ரெண்டாம் பக்கம்" என்றார் ஹாஃப்மன். காகிதம் திரும்பும் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது.

மதியம் பெண்டன் போனேன். வெர்னா மறுபடி ஜன்னலில் இருக்கிறார். குப்பைப் பக்கம் வேறு ஆள் கிடைக்கவில்லையாம். வேலை நேரம் இன்னும் இருபத்தொன்பதுதான்.

"பூஜ்யம், வந்துட்டியா!" என்றார், கூடமே கேட்கும்படி. பிறகு தட்டோடு ஒரு தாளையும் சேர்த்துத் தள்ளினார். ஆறு பெயர்கள். ஆறு வீட்டு முகவரிகள்.

"இவங்களும் பேசறாங்களாம். பேரோட."

நேராகக் கருவி அறைக்குப் போய் கேமராவுக்குக் கையெழுத்துப் போட்டேன். ஆறு புது அட்டை கேட்டேன். அங்கிருந்தவன், "ஒண்ணுலயே எல்லாம் அடங்குமே" என்றான்.

ஆளுக்கொன்று வேண்டும் என்று சொன்னேன்.