தவக்காலம் முடிந்தும் தொடாத காபி

என்னங்க,

சாம்பார் அடுப்பின் மேல் இருக்கிறது. உப்புக் குறைவாகத்தான் இருக்கும், போட்டுக்கொள்ளுங்கள். அத்தை பூசை முடிந்து வருவார்கள், சாவியை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

நேற்று ஈஸ்டர் காலையில் அத்தை நீட்டிய காபியை வேண்டாம் என்றேன். "தவக்காலந்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் யாருக்குடி இந்த வேஷம்?" என்று டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தீர்கள்.

நான் காபியை விட்டது ஆண்டவருக்காக இல்லை. தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் வாரத்தில் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அஸ்தம்பட்டி டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, "சாதாக் கட்டிதாம்மா. காபி, உப்பைக் கொறைச்சா சிலருக்கு வலி கொறையும். ஆனா கட்டி கரையாது. பெருசானா உடனே வாங்க" என்றார். அத்தையோ தவக்கால ஒறுத்தல் என்று நினைத்து, கோயிலில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். நானும் அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

வலி குறைந்தது. கட்டியும் குறையும் என்று நானாக நம்பினேன். இப்போது பெரிதாகிவிட்டது. ஊசி குத்திச் சோதிக்க வேண்டுமாம். தங்கச்சி ஆன்சியோடு போகிறேன்.

ஜெனிட்டா

பி.கு. சாயந்தரம் எனக்கும் ஒரு டம்ளர் காபி போட்டுவையுங்கள். என்ன முடிவு வந்தாலும், அதை மறைத்துவைக்க இனி நோன்பு இல்லை.