ரவிதேஜா நிமிர்ந்து உட்கார்ந்த வளைவு

கணபதி (அஞ்சல்),
கோயமுத்தூர்.

அன்புள்ள மௌனிகா கண்ணுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் சௌக்கியம், நீ சௌக்கியமா என்று ஒரே மூச்சில் எழுதிவிடலாம்தான், ஆனால் இந்த வீட்டில் இப்போது யாரும் சௌக்கியமாக இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது, எனக்குத் தூக்கம் கிடையாது, உன் தம்பி உயிரோடு இருக்கிறான், அவ்வளவுதான். நீயாவது நேரத்துக்குச் சாப்பிடு, அந்த நெதர்லாந்துக் குளிரில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே. போனில் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடும், அப்பா பக்கத்தில் வந்து என்ன ஏது என்று கேட்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பியின் கூட்டாளி நிதீஷ் இறந்தது பற்றி உனக்குச் சொன்னது பாதிதான். கோத்தகிரி இறக்கத்தில் ஜல்லியில் சறுக்கிவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள், எங்களுக்கும் அவ்வளவுதான் தெரியும். கூடவே சைக்கிளில் வந்த நம் ரவிதேஜா மேல் ஒரு கீறல்கூட இல்லை, சாமி புண்ணியம் என்று நானே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது சமையல்கட்டுக்கு வந்தான். அம்மா ஒன்று காட்டுகிறேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முதுகை வளைத்து, தாடையைக் கைகளுக்கு நடுவில் இறக்கி, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, அக்கா சொல்லிக்கொடுத்தது இப்படித்தான், இப்படிக் குனிந்தால் காற்று முதுகுக்கு மேலே வழுக்கிப் போய்விடும், மிதிக்காமலே வண்டி பறக்கும் என்றான். பிறகு நெஞ்சை விரித்து நிமிர்ந்தான். இப்படி உட்கார்ந்தால் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும், பிரேக்கைத் தொடாமலே வேகம் குறையும் என்றான். மொட்டைமாடியில் பெட்ஷீட்டை விரித்துப் பிடித்தால் காற்று நம்மையே இழுக்கும், சுருட்டிக்கொண்டால் ஒன்றும் செய்யாது, அந்த மாதிரியா என்று கேட்டேன். ஆமாம் என்றான். இத்தனை நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தானே என்று நான் சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரி.

அப்புறம்தான் மிச்சத்தைச் சொன்னான். இறக்கத்தில் எப்போதும் இவன் முன்னால், நிதீஷ் இவன் பின்சக்கரத்தை ஒட்டினாற்போல் பின்னால். காற்றெல்லாம் முன்னால் போகிறவன் மேல் அடித்துவிடும், பின்னால் வருகிறவனுக்கு மறைப்பு, அதனால் அவன் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டு சும்மா வந்தாலே போதும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் இவர்கள் ஓர் அடையாளம் பேசி வைத்திருந்தார்கள், ஒரு போர்டு, ஒரு மரம், அது வந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக நிமிர வேண்டும். காற்றில் கத்தினாலும் காதில் விழாது என்பதால் அப்படி ஒரு பழக்கம். அன்றைக்கு அடையாளமான டீக்கடை போர்டு வருவதற்கு முன்பே இவன், மழையில் அடித்து வந்த ஜல்லி ரோடு முழுக்கக் கிடப்பதைப் பார்த்திருக்கிறான். சட்டென்று நிமிர்ந்துவிட்டான். இவனைக் காற்று பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த நிதீஷ், போர்டு இன்னும் வரவில்லை என்று தலையைக் குனிந்தபடி அதே வேகத்தில் வந்து இவன் சக்கரத்தில் இடித்து, தடுப்புச் சுவரில் போய் விழுந்தான். நான் நிமிர்ந்ததால்தான் அம்மா அவன் போனான் என்று உன் தம்பி சொன்னபோது என் கையில் கீரைக் காம்பு அப்படியே இருந்தது.

நிதீஷ் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். சொன்னால் போன உயிர் வந்துவிடுமா, கேஸ் கீஸ் என்று ஆனால் யார் அலைவது என்று அப்பா சத்தம் போட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் பையன் சோற்றில் கைவைக்காமல் இருப்பதை அவர் பார்ப்பதில்லை, பட்டறைக்குப் போய்விடுகிறார். நானே நேற்று கருமத்தம்பட்டிக்கு, அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அங்கே தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, நெய்து தரச் சொல்லிப் பாவு நூல் கொடுத்தவர்கள் துக்கத்துக்காகக் காத்திருப்பார்களா. இவன் சொல்லச் சொல்ல நிதீஷின் அப்பா காளிச்சாமி பாதியில் எழுந்து தறிக்குப் போய்விட்டார். அவன் அம்மா நாச்சியம்மாள் மட்டும் முழுவதையும் கேட்டார். கடைசியாக என்ன பேசினான் என்று கேட்டார். இறக்கத்தில் பேச்சே இருக்காதுங்கம்மா என்றான் இவன். அந்த அம்மா ஒரு சொல் திட்டவில்லை, எனக்குக் காப்பியும் இவனுக்கு மோரும் கொடுத்தார். கிளம்பும்போது வாசல் வரை வந்து இவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உம்மேல கோவமில்ல கண்ணு. ஆனா நீ வந்தீன்னா உம்பொறவுக்கே அவனும் வாரானான்னு கண்ணு தேடுது. இனி வர வேண்டாஞ்சாமி."

வந்ததிலிருந்து அவன் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. நிமிராமல் இருந்திருந்தால் இரண்டு பேருமே ஜல்லியில் போயிருப்போமா, இல்லை இரண்டு பேருமே தப்பியிருப்போமா என்று அதையே கேட்கிறான். எனக்கு என்ன தெரியும். பொம்மையைச் சைக்கிளில் உட்கார வைத்து, குனியவும் நிமிரவும் வைத்துக் காற்றடித்துப் பார்க்கிற வேலை உனக்குத்தானே. நீயும் அவனோடு பேசாமல் இருக்கிறாய். பொங்கலுக்கு வந்தபோது இரண்டு பேருக்கும் குனியச் சொல்லிக்கொடுத்தது நான்தானே என்று உள்ளுக்குள் புழுங்குகிறாய், பெற்றவளுக்குத் தெரியாதா. உன்னையும் நான் குறை சொல்லவில்லை அம்மணி. பெற்ற இரண்டு பிள்ளைகளும் இப்படிக் கிடந்தால் நான் யாரைத் தேற்றுவது.

நீ நன்றாக இருக்க வேண்டும், தீர்க்காயுசாக இருக்க வேண்டும், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் தினமும் விளக்கேற்றுகிறேன். மறந்துவிடாதே, அப்பா பட்டறைக்குப் போன பிறகு அவனைக் கூப்பிடு. கேட்டதற்குப் பதில் சொல். ஆறுதலுக்காகப் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். சொல்ல முடியாத பதிலாக இருந்தால் போன் செய்யாதே, டிக்கெட் போட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்.

உன் அம்மா,
கஸ்தூரி