இரண்டாவது தோட்டா

ஆரம்பாக்கம்
ஜூன் 9

அன்புள்ள எட்வர்ட் அண்ணனுக்கு,

தங்கை ஏஞ்சலின் எழுதுவது. நானும் பிள்ளை ஜெபாவும் உங்கள் மைத்துனர் ராபினும் சுகமே. கார் நிக்கோபாரில் உங்கள் போனுக்குச் சிக்னல் கிடைக்க ஜெபம் பண்ணி அலுத்துவிட்டேன். இனி எல்லாம் தபாலில்தான். போன ஞாயிறு மணவாள நகர் போய் அண்ணியைப் பார்த்தேன். முட்டி வலி குறைந்திருக்கிறதாம்.

ராபினைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சூப்பர்வைசரோடு சண்டை போட்டதற்காக அவரை அச்சு கடையும் டூல்ரூமிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள் அல்லவா, அதன்பிறகு நாலு மாதம் வீட்டில் பேச்சே இல்லை. தேர்வாய் கண்டிகை கம்பெனி பஸ்ஸில் போவார், வருவார், படுப்பார். இப்போது ஆள் மாறிவிட்டார். கம்பெனி வாசல் டீக்கடையில் வரதன் என்று ஒருவர் பழக்கமாகியிருக்கிறார். நிலம் வாங்கி விற்பவர். துப்பாக்கி சுடும் சங்கத்தில் இருக்கிறாராம். சுட்டுப் போட்ட பித்தளைத் தோட்டாக் கூடுகளை ஒரு பையில் கொண்டுவந்து, இவற்றைத் திரும்ப நிரப்ப முடியும், வெளிநாட்டில் வீட்டிலேயே செய்கிறார்கள், இதற்குக் கைநேர்த்தி வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது மாஸ்டர் என்றாராம். அந்த 'மாஸ்டர்' என்ற சொல்லில் இவர் விழுந்துவிட்டார்.

துணி துவைக்கும் அறையைக் காலி செய்து மேசை போட்டாயிற்று. கைப்பிடியை இழுத்தால் அழுத்தும் சின்னப் பிரஸ், நகைக்கடையில் இருப்பது போன்ற தராசு, ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம், எல்லாம் வரதன் கொடுத்தது. புத்தகத்தை நான்தான் வாசித்துத் தமிழில் சொல்கிறேன். வேலை நடக்கும்போது வேறு பேச்சு கூடாது, பக்கத்தில் நெருப்பு கூடாது, ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நாங்கள் இத்தனை நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. லைசென்ஸ் வேண்டாமா என்று கேட்டேன். அதெல்லாம் வரதன் பார்த்துக்கொள்கிறார் என்றார்.

முதல் பத்து தோட்டாக்கள் நேற்று முடிந்தன. மேசையில் வரிசையாக நின்றதைப் பார்த்த ஜெபா லிப்ஸ்டிக் என்று நினைத்துக் கையை நீட்டினாள். ராபின் அவள் கையில் ஓங்கி அடித்துவிட்டார். பிள்ளையை அவர் அடித்தது அதுதான் முதல் தடவை. பயத்தில் அடித்தார் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் சாயங்காலம் வரை மனசு சரியில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களைக் கடல் காற்றிலிருந்து காப்பாராக.

அன்புத் தங்கை
ஏஞ்சலின்


ஆரம்பாக்கம்
செப்டம்பர் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் பதினேழு நாளில் வந்தது. இதை வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

துவைக்கும் அறைக்குப் பூட்டு வந்துவிட்டது. சாவி அவர் அரைஞாணில். ஜெப அறையில் மெழுகுவர்த்தி ஏற்றக்கூடாது என்கிறார், சுவருக்கு அந்தப் பக்கம் வெடிமருந்து டப்பா இருக்கிறதாம். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து செய்கிறார். வரதன் முன்வாசல் வழியாக வருவதில்லை. ரயில் பாதைப் பக்கமாக நடந்து வருகிறார். உட்காருவதில்லை, தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பையை வைப்பார், பையை எடுப்பார்.

புத்தகத்தில் ஒரு பக்கம் வந்தது அண்ணா. நீ நிரப்பிய தோட்டாவை உன் துப்பாக்கியில் மட்டும் போடு, பிறர் கையில் கொடுக்காதே என்று போட்டிருந்தது. வாசித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தராசையே பார்த்துக்கொண்டு, "அடுத்த பக்கம் படி" என்றார். நான் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

சங்கத்தின் பெயரைக் கேட்டேன், தெரியாது என்றார். வரதனின் லைசென்ஸைப் பார்த்திருக்கிறீர்களா என்றேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். புதன்கிழமை ஜெபா பள்ளியிலிருந்து வந்து, ஒரு அங்கிள் காரில் கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டதாகச் சொன்னாள். இவள் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதை ராபினிடம் சொன்னபோது ஒரு நிமிஷம் அவர் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். "இன்னாத்துக்கு அதையெல்லாம் பெருசு பண்ற" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நீங்களாகவே எழுதுவது போல அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அங்கே டூல்ரூம் வேலை இருக்கிறது, உடனே புறப்பட்டு வா என்று. நான் சொன்னதாக ஒரு வார்த்தையும் வேண்டாம்.

தங்கை
ஏஞ்சலின்


மணவாள நகர்
நவம்பர் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

வேலைக்குக் கூப்பிட்டு நீங்கள் எழுதிய கடிதம் வந்தது, அவர் வாசித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். அதன்பின் நடந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்களோ என்னவோ. அண்ணி சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன்.

தேர்வாய் கண்டிகைப் பக்கம் லாரி ரோட்டை ஒட்டி மூன்று ஏக்கர் நெல் வைத்திருப்பவர் ஆதிகேசவன். நிலத்தைக் கொடுக்க மாட்டேன் என்று இரண்டு வருஷமாக நின்றவர். அவர் மகள் வயிற்றுப் பேத்தி நான் பாடம் எடுக்கும் யூகேஜி வகுப்பில் படிக்கிறாள். அக்டோபர் 21 காலையில், மடை திறக்கப் போனவரை பைக்கில் வந்த இருவர் சுட்டார்கள். முதல் தோட்டா தோளில் பாய்ந்தது. இரண்டாவது வெடிக்கவில்லை. அவர் வரப்பில் விழுந்து எழுந்து ஓடிப் பிழைத்துவிட்டார். அன்று அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை. டீச்சர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டு, கையில் சாக்பீஸோடு நின்றேன்.

மறுநாள் வரதன் வந்தார். முதல் தடவையாக முன்வாசல் வழியாக வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"ரெண்டாவது வெடிக்கல மாஸ்டர். ஆளு தப்பிச்சுக்கினான்."

ராபினுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும், யார், எதற்கு என்று. அழுவார், கத்துவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். அவரோ, டூல்ரூமில் சரியாக வராத பீஸைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"அடுத்த தபா தப்பாது."

பயத்தில் சொன்னாரா, வேலையில் குறை சொன்ன ரோஷத்தில் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை அண்ணா. அவர் கண் சிவந்திருந்தது. ஆனால் அந்தி சாய்வதற்குள் அறையைத் திறந்து, மீதியிருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

விடிந்ததும் ஜெபாவுக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ரயிலேறினேன். அவளை அண்ணியிடம் விட்டுவிட்டு, திருவள்ளூரில் பெரிய போலீஸ் ஆபீஸுக்கு நடந்தே போனேன். பையில் ஒளித்துக் கொண்டுவந்த அந்த ஆங்கிலப் புத்தகத்தை மேசைமேல் வைத்தேன். ஓரங்களில் என் கையெழுத்தில் தமிழ் இருந்தது. அந்த அம்மா அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, இதை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அன்று மதியமே வீட்டுக்குப் போய் ராபினை அழைத்துப் போனார்கள். என்னை மூன்று நாள் விசாரித்தார்கள். இன்னும் கூப்பிடுவார்கள். வரதன் மட்டும் அகப்படவில்லை. ஆந்திராப் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள்.

இனி நான் எழுதுவது அண்ணிக்குக்கூடத் தெரியாது.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் ராபின் குளிக்கும்போது சாவியைக் கழற்றி வைத்திருந்தார். எண்ணெய் பட்டால், தோட்டாவின் அடியில் வைத்து மருந்தைப் பற்றவைக்கும் கேப் செத்துவிடும் என்று புத்தகத்தில் நானே வாசித்திருந்தேன். தலைக்கு எண்ணெய் வைத்த விரலோடு உள்ளே போய், தட்டில் இருந்த கேப்களில் எட்டிலோ பத்திலோ விரலை வைத்தேன். அதற்குள் குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. எல்லாவற்றையும் தொட நேரம் இருக்கவில்லை. ஆதிகேசவன் தோளில் பாய்ந்தது நான் தொடாததா, வெடிக்காமல் போனது நான் தொட்டதா, யாருக்குத் தெரியும்? ராத்திரி முழுக்க இதையேதான் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன்.

போன செவ்வாய் புழல் ஜெயிலில் மனு போட்டு அவரைப் பார்த்தேன். தாடி வைத்திருக்கிறார். காட்டிக்கொடுத்தாயே என்று கேட்பார் என்று நினைத்துப் போனேன். ஜெபாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார். பிறகு கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"எல்லாத்தையும் எட போட்டுத்தான் வெச்சேன் ஏஞ்சலு. அது எப்டி வெடிக்காம பூட்ச்சு?"

தெரியாது என்று சொன்னேன்.

அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறாராம். உள்ளே கூட இருப்பவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், தன் கையில் தப்பில்லை, யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று. அந்தப் பேச்சு எந்தச் சுவரைத் தாண்டி யார் வழியாக வரதன் காதுக்குப் போகும் என்று அவருக்குத் தெரியவில்லை. நேற்று, ஜெபாவை இங்கே சேர்த்திருக்கும் பள்ளி வாசலில் ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டு, மணி அடித்த பிறகும் போகாமல் நின்றான். யாரையோ கூப்பிட வந்தவனாகவும் இருக்கலாம்.

அடுத்த கப்பலில் வாருங்கள் அண்ணா. எனக்காக வேண்டாம், ஜெபாவை உங்களோடு அழைத்துக்கொண்டு போவதற்காக. அந்தத் தீவில் சிக்னல் இல்லாததே அவளுக்கு நல்லது. புழலுக்குப் போய் ராபினையும் பாருங்கள், கோபப்படாதீர்கள். அந்த இரண்டாவது தோட்டாவைப் பற்றி உங்களிடமும் கேட்பார். மருந்து ஈரமாக இருந்திருக்கும் என்று சொல்லுங்கள். அவர் அதை நம்பும்வரை சொல்லுங்கள்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்ப்பாராக.

உங்கள்
ஏஞ்சலின்