பன்னிரண்டு முட்டையும் ஒரு பல்பும்

மே 3, சனி

மூன்றாம் நாள். சூடு 37.7. ஈரம் 54. முட்டை பொரிக்கும் தெர்மாகோல் பெட்டிக்குள் பல்பு எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது. பன்னிரண்டு முட்டைகளையும் மூன்று வேளையும் நானே திருப்பி வைக்கிறேன். மருமகள் யசோதாவை விடவில்லை. ஐந்தாவது படித்த எனக்கு எண் படிக்கத் தெரியாதா?

நாய் கடித்துச் செத்த செவலைக் கோழி போட்ட கடைசி முட்டைகள். கல்யாணமாகி வந்தபோது என் அம்மா கொடுத்தனுப்பிய கோழியின் வம்சம். வேறு வீட்டுக் கோழி என் வாசலில் மேய்ந்ததில்லை. இவை பொரிக்காவிட்டால் அவ்வளவுதான். மகன் சந்திரசேகர் பெட்டியைச் செய்து கொடுத்துவிட்டுத் திருப்பதிக்கு வேலைக்குப் போய்விட்டான்.

மே 7

டார்ச் அடித்துப் பார்த்தோம். பத்தில் நரம்பு ஓடுகிறது. இரண்டு கூமுட்டை.

மே 13, செவ்வாய்

சாயங்காலம் புத்தூர்ப் பக்கம் பெரிய இடி. இடிச் சத்தத்துக்கு அடைமுட்டை கலங்கிப் போகும். கோழியை அடை வைத்தால் கூடையில் இரும்பும் கரியும் போடுவோமே, பெட்டிக்கு மட்டும் வேண்டாமா? உடைந்த அரிவாள் துண்டையும் ஒரு கரித்துண்டையும் பல்புக்குக் கீழே வைத்தேன்.

மே 16

பெட்டியில் எண் 37.7 என்றுதான் காட்டுகிறது. முட்டையைக் கன்னத்தில் வைத்தால் வெதுவெதுப்பு போதவில்லை. ஏன்? தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றினேன். பெட்டியைச் சுற்றிக் கம்பளி போட்டேன். எண் அசையவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நீதான் திறந்து திறந்து பார்க்கிறாய் என்று யசோதாவிடம் கத்திவிட்டேன். ‘நான் தொடவே இல்ல அத்தே’ என்றாள்.

மே 18, ஞாயிறு

சந்திரசேகர் வந்தான். சூட்டை அளக்கும் ஒயர் அரிவாள்மேல் சாய்ந்திருந்தது.

‘இரும்பு, பல்பு சூட்டுல காஞ்சிக்கினு கீது. ஒயரு அத்தத்தான் அளக்குது, முட்டைய இல்ல. பல்பு சீக்கிரமே அணைஞ்சிடுது. அறிவு வேணாமா?’

பெண்டாட்டியைப் பார்த்துத்தான் சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை.

இனிமேல் முட்டையைத் திருப்பக் கூடாதாம். ஈரம் 65க்குக் குறையக் கூடாதாம். மூடியைத் திறந்தால் ஈரம் போய், உள்சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளுமாம்.

மே 21

இருபத்தோராம் நாள். ஒன்றுமில்லை.

மே 23

நாலு ஓட்டில் விரிசல். உள்ளே கீச்கீச்சென்று சத்தம். ஒன்று காலையிலிருந்து அலகை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டைக் கொஞ்சம் பிய்த்துவிட்டால் என்ன? — கூடாது. யசோதா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அது கத்துது. நான் என்னாத்த செய்ய? மூடிக் கண்ணாடி வழியா பாத்துக்கினே கீறேன்.

மே 24

இரண்டு வெளியே வந்தன. அலகை நீட்டியது வரவில்லை. மற்றவையும் இல்லை.

மகனுக்குப் போன் போட்டு, இரும்பு வைத்தது நான்தான் என்றேன். ‘எந்த இரும்பு?’ என்றான். அவன் மறந்துவிட்டான். யசோதா மறக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கொண்டை பெரிதானபோதே யசோதா சொன்னாள். பொட்டைக்கும் கொண்டை வரும் என்று அடித்துப் பேசினேன். இன்று விடியற்காலையில் இரண்டும் கூவின.

ஒரு பொட்டை கூட இல்லை.

சேவல்களுக்குத் தீனி போட்டுக்கொண்டே யசோதா, ‘வெதுருகுப்பத்துல எங்கம்மா வூட்டுல இருந்து ரெண்டு பொட்டை எத்தினு வரட்டா அத்தே?’ என்று கேட்டாள்.

கோழிக் கூடை பரண்மேல் இருக்கிறது என்று சொன்னேன்.