அந்த ஏழு ஓட்டு

ஸ்டோர் அறையை ஒழிக்கலாம் என்று நேற்றுக் கதவைத் திறந்தேன். சுவரோரம் நீங்கள் விட்டுப்போன கட்சிக் கொடிக் கம்புகள், மூங்கில் வாசனை இன்னும் போகாமல், கட்டுக் கட்டாகச் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் உங்கள் பழைய ஆபீஸ் டையால் இறுக்கிக் கட்டியிருந்தீர்கள். கம்பெனி ஆண்டு விருந்துக்கென்று நான் மலாக்கா கடைகளில் அலைந்து வாங்கித் தந்த நீலப் பட்டு டையும் அதில் ஒன்று. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தொழிற்சாலையில் மனிதவள மேலாளர், கம்பெனிக் கார், பிள்ளைகளுக்கு மருத்துவ அட்டை. அத்தனையையும் ஒரே நாளில் விட்டுவிட்டு வந்து, சாப்பிட உட்காரும்போதுதான் என்னிடம் சொன்னீர்கள். ஜாசின் பக்கத்துத் தொகுதியில் நிற்பவருக்குத் தேர்தல் வேலை பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். "இத்தன வருசம் ஆளுங்கள வேலைக்கு எடுத்தேன், தூக்கினேன். நம்ம ஜனங்களுக்கும் ஏதாச்சும் செய்யணும்லா" என்றீர்கள். அந்த வேலை மேல் எனக்குக் கோபமில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றுதான் கோபம். அந்தக் கோபத்தை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

ஆபீஸ் புத்தி உங்களை லேசில் விடவில்லை. அந்தத் தொகுதியில் நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் புரொஜெக்டர் வைத்துப் படம் படமாக விளக்கினீர்கள். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள், மீகூன் சாப்பிட்டார்கள். கடைசியில் ஓர் அக்கா, இந்த மெஷினை இங்கேயே விட்டுப்போனால் நாங்கள் சினிமா பார்ப்போமே என்று கேட்டதை நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள்.

அப்புறம் தொழில் பழகிவிட்டது. வாக்காளர்களுக்கு நிறம் கொடுக்கக் கற்றுக்கொண்டீர்கள். நம் பக்கம் என்றால் வெள்ளை, எதிர்ப்பக்கம் என்றால் கறுப்பு, பிடி கொடுக்காதவர்கள் சாம்பல். நான் என்ன நிறம் என்று ஒருநாள் கேட்டேன். "நீ சாம்பல்மா. ரொம்பக் கஷ்டமான சாம்பல்" என்றீர்கள். ஓட்டு ரகசியம் என்று சொல்லிவிட்டு நான் பாத்திரம் கழுவப் போனேன்.

கல்யாணமாகி வந்தும் என் ஓட்டு அந்தத் தோட்டத்திலேயே இருந்தது. வாக்களிப்பு நாளில் தமிழ்ப்பள்ளியில் வரிசையில் நின்று, உங்கள் ஆளின் பெயருக்கு நேரே குறி போட்டேன். புருஷனுக்காகப் போடவில்லை. அந்த வேட்பாளர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது, அவ்வளவுதான். அதைக் கேட்டிருந்தால் உங்களுக்கு இன்னும் மனம் குளிர்ந்திருக்கும். ஆனால் என்னைக் கேட்காமல் நீங்கள் வேலையை விட்டீர்கள், உங்களிடம் சொல்லாமல் நான் ஓட்டுப் போட்டேன், சரிக்குச் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் ஆள் தோற்றார். அந்தத் தோட்டத்து வாக்களிப்பு மையத்தில் அவருக்கு விழுந்தது ஏழே ஓட்டு. மறுநாள் காலை டீயைத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "அந்த ஏழு பேரு யாருன்னு தெரிஞ்சா போதும்மா. வீடு தேடிப் போயி நன்றி சொல்லிட்டு வந்துருவேன்."

"யாரோ பாவப்பட்டவங்க" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் வீடு வீடாக விசாரித்தீர்கள். யாருக்குப் போட்டோம் என்று சொல்ல அவரவர் பயம் அவரவருக்கு, ஒருவரும் வாய் திறக்கவில்லை. பழத்தோடு திரும்பி வருவீர்கள். உரித்துச் சுளையை என்னிடம் நீட்டுவீர்கள். நானும் வாங்கித் தின்றேன். போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் அது வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

தீபாவளிக் காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது சொல்லிவிடலாம் என்றிருந்தேன். உங்கள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்து எனக்குள்ளேயே சிரித்தும் வைத்தேன். தீபாவளி வருவதற்குள் உங்களுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்கூட, கேட்டைப் பூட்டினேனா என்றுதான் கேட்டீர்கள். பூட்டியாச்சு என்றேன். அதோடு சேர்த்து இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்ல நேரம் இருந்தது.

துக்கத்துக்குத் தோட்டத்து ஜனங்கள் வேன் பிடித்து வந்தார்கள். ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து, காதோரம் குனிந்து, அண்ணன் முகத்துக்காக நானும் அவர் ஆளுக்குத்தான் போட்டேன் என்றார்கள். உங்களை எடுப்பதற்குள் எண்ணிக்கை ஏழைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அவர்கள் சொன்னதெல்லாம் நிஜமாக இருந்திருந்தால் உங்கள் ஆள் ஜெயித்திருப்பார்.

உங்கள் தலைமாட்டில் இருந்த எனக்கும் வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால், சாவு வீட்டில் ஆறுதலுக்குச் சொல்கிற பொய்களில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கும். அடக்கிக்கொண்டேன். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள்தானே.