மின்தடை நாளின் அளவுகள்

எடப்பாடி
18.07.2024

மதிப்பிற்குரிய தோழி சித்ரா அவர்களுக்கு அமுதவல்லி வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் மடல் கிடைத்து இருபது நாள்கள் கடந்துவிட்டன. இத்துணைக் காலம் தாழ்த்தியதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். சோம்பல் காரணமன்று. மாதாந்திர மின்தடைக்காகக் காத்திருந்தோம்.

தாங்கள் அறிவித்த சிறுவர் ஆய்வரங்கிற்கு எங்கள் சனிக்கிழமை அறிவியல் மன்றம் ஆயத்தமாகிவிட்டது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பதினொரு பிள்ளைகள், வீட்டை ஒட்டிய பழைய தறிநூல் கிடங்கில் என்னிடம் கூடுவது தாங்கள் அறிந்ததே. விசைத்தறி ஓசை செவியை எவ்வளவு மழுங்கச் செய்கிறது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். பள்ளியில் இவ்வாறான ஒன்றைச் செய்ய ஒரு பாடவேளை போதாது.

முறை எளியது. ஒருவரை நாற்காலியில் அமர்த்திக் கண்ணைக் கட்டுவோம். பதினைந்தடி தொலைவிலிருந்து ஒரு கடிகாரத்தை அரையடி அரையடியாக அருகே கொண்டுவருவோம். முள் நகரும் ஓசை கேட்டதும் அவர் கையை உயர்த்த வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் தறி ஓடாத நேரம் ஏது? பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் ஒரு நாளில்தான் ஊர் அடங்குகிறது. கடந்த சனிக்கிழமை அந்நாள் வாய்த்தது. யாரோ ஒருவர் மட்டும் எங்கோ ஜெனரேட்டர் என்னும் மின்னாக்கி வைத்துத் தறி ஓட்டிக்கொண்டேயிருந்தது எனக்குப் பெரும் எரிச்சலாயிற்று. பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பதினான்கு பேரை அளந்தோம். அட்டவணையை என் கைப்படத் திருத்தமாக எழுதி இணைத்துள்ளேன். மன்றத்தின் பதிவாளர் பிரவீனா, ஏழாம் வகுப்பு மாணவி, சில நாள்களாக இப்பக்கம் வருவதில்லை. வேறு குறையொன்றுமில்லை.

தங்கள் அன்பு மறவாத,
அமுதவல்லி


சேந்தமங்கலம்
24.07.2024

அன்புள்ள அமுதாவுக்கு,

'மதிப்பிற்குரிய', 'அவர்களுக்கு' என்றெல்லாம் உறையின் மேல் எழுதாதே. தபால்காரர் என்னைத் தாசில்தார் என்று நினைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். ஒரே பெஞ்சில் எட்டு வருடம் உட்கார்ந்தவர்கள் நாம்.

அட்டவணை அச்சடித்தது போல இருக்கிறது. ஆய்வு அதைவிட நன்றாக இருக்கிறது. என் பள்ளிப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டினேன். எங்களுக்கும் சனிக்கிழமை மன்றம் வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. நீ செய்வதை நான் இத்தனை வருட வேலையில் செய்யவில்லை. இதை உபசாரத்துக்காகச் சொல்லவில்லை.

இரண்டு விஷயம். பிள்ளைகள் கையால் எழுதிய குறிப்பேட்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும், அது விதி. கடைசித் தேதி ஆகஸ்ட் 23. இன்னொன்று, பதினைந்து வருடத்துக்கு மேல் தறியில் நின்ற எல்லோருக்கும் மூன்றடி, இரண்டரையடி என்று வருகிறது. ஒன்பதாம் எண்ணில் இருக்கும் உனக்கு மட்டும் எட்டடி. பதின்மூன்று வயதில் தறிக்குப் போனவள் நீ. தேர்வாளர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள். நானே கேட்பேன்.

பிரவீனாவுக்கு என்ன? இதற்கு முந்தைய மடலில் அவளைப் பற்றித்தானே பாதிப் பக்கம் எழுதியிருந்தாய்?

உன் சித்ரா


எடப்பாடி
30.07.2024

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

தங்கள் வினாவுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

ஒன்பதாம் எண்ணுக்குப் பிரவீனா குறித்தது அரையடி. ஆம், அரையடி. கடிகாரம் நடுவில் நின்றுபோயிருக்க வேண்டும் என்பது என் துணிபு. கண்ணைக் கட்டியிருந்ததால் என்னால் அதைப் பார்க்க இயலவில்லை. தவறான ஓர் எண்ணை மேடையேற்றுவது அறிவியலாகாது. ஆகவே தறிக்குச் செல்லாத மகளிரின் சராசரியாகிய எட்டடியை நிரப்பினேன். படியெடுக்கும்போது பிழை களைவது எழுதுவோர் கடன்.

மறுநாள் அட்டவணையில் அதைக் கண்டு அப்பெண் பிள்ளைகள் அனைவர் முன்னிலையிலும் என்னிடம் கேட்டாள்: "அக்கா, கண்டதத்தான் எழுதோணும், நெனைக்கறத எழுதப்படாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?" நான், பெரியவர் எழுதியதில் கை வைக்காதே என்றேன். "அப்ப எங்க கடியாரம் எதுக்குங்க," என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். கடிகாரம் அவர்கள் வீட்டுடையது. அன்றுமுதல் வரவில்லை. அவள் வராததால் மற்ற பிள்ளைகளும் உற்சாகமின்றி அமர்ந்திருக்கிறார்கள். கடந்த சனிக்கிழமை நான்கே பேர்.

குறிப்பேடோ எண்ணெய்க் கறையும் அடித்தல் திருத்தலுமாக இருக்கிறது. அதை ஓர் அவைக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. அதுதான் விதியெனில் ஆய்வைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பதை எவரும் எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நூலகத்து அறிவியல் நூல்களை மூன்று முறை ஓதியவள் நான். இவ்வாரம் முழுதும் எதிலும் நிலைகொள்ளவில்லை. தறியை நிறுத்துகிறேன், மீண்டும் ஓட்டுகிறேன். ஒரே பக்கத்தையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

இவண்,
அமுதவல்லி


சேந்தமங்கலம்
05.08.2024

அமுதா,

உன் மடலை இரண்டு நாள் மேசையில் வைத்துக்கொண்டே இருந்தேன். கோபத்தில் எழுதிவிடக் கூடாது என்பதற்காக.

பொங்கலுக்கு மறுநாள் உன் வீட்டுக்கு வந்தேன். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. நீ தண்ணீர்த் தொட்டியருகே முதுகு காட்டி நின்றிருந்தாய். பண்டிகை நாள், தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. பத்தடி தள்ளி நின்று மூன்று முறை கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. அப்போதுதான் எனக்குத் தலைமையாசிரியை வேலை வந்திருந்தது. அது உனக்குப் பிடிக்கவில்லை, வேண்டுமென்றே திரும்பாமல் நிற்கிறாய் என்று முடிவுகட்டிக்கொண்டு பேருந்தேறிவிட்டேன். ஆறு மாதமாக அதை மனதில் வைத்துக்கொண்டுதான் உனக்கு எழுதினேன்.

நேற்று உன் அரையடியை மறுபடி படித்தபோதுதான், அன்று உனக்குக் கேட்கவே இல்லை என்று புரிந்தது.

தறிக்கூடத்தில் நீங்கள் யாரும் காதால் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேசிக்கொள்கிறீர்கள். எனக்கு இப்போதுதான் உறைக்கிறது, என் முகத்தைப் பார்க்காமல் நீ எனக்குப் பதில் சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று?

வருகிற பத்தாம் தேதி சனிக்கிழமை உங்கள் பகுதியில் மின்தடை என்று செய்தித்தாளில் போட்டிருக்கிறது. பிரவீனாவைக் கூப்பிடு. வேறொரு கடிகாரமும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை உட்கார்.

சித்ரா


எடப்பாடி
12.08.2024

அன்புத் தோழி சித்ராவுக்கு,

வெள்ளிக்கிழமை மாலை பிரவீனாவின் வீட்டுக்குச் சென்றேன். அவள் தந்தை கந்தன் தறியை நிறுத்திவிட்டு, "நீங்க போயி வாசப்படி ஏறி வரோணுங்களா, சொல்லி உட்டா உங்க ஊட்டுலயே வந்து நிப்பாளே," என்று பதறினார். அவர் உதடுகளைப் பார்த்தே அதை அறிந்தேன் என்பதை அந்நேரம் முதன்முறையாகக் கவனித்தேன். பிரவீனா உள்ளேயிருந்து வரவில்லை. பிழை உன்னுடையது அன்று, என்னுடையது என்று வாசலிலிருந்தே கூறினேன். அவள் என்ன விடை சொன்னாள் என்று தெரியவில்லை. சற்று நேரத்தில் கடிகாரத்துடன் வந்து நின்றாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மின்சாரம் நின்றது. பதினொரு பிள்ளைகளும் வந்திருந்தனர். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் அளவு கீறினார்கள். இம்முறை இரண்டு கடிகாரங்கள். பிரவீனா என் கண்ணைக் கட்டினாள். நான் காத்திருந்தேன். வெகுநேரம் ஆயிற்று. இன்னும் தொடங்கவில்லையா, யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. கட்டை நானே அவிழ்த்தேன்.

இரண்டு கடிகாரங்களும் என் கன்னத்தருகே, நான்கு விரல் தொலைவில் இருந்தன. ஒன்று பிரவீனாவின் கையில், மற்றது மன்றத்துப் பிள்ளை ஜீவாவின் கையில். இரண்டின் முட்களும் நகர்ந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் அனைவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

அப்போதும் எனக்குத் தறியோசை கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மின்னாக்கி எவருடையது என்று பிரவீனாவிடம் வினவினேன். அவள் என் முகத்துக்கு நேரே வந்து நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எங்கயும் ஓடலைங்க அக்கா. குருவி கத்தறதுகூடக் கேக்குதுங்க."

சென்ற மின்தடை நாளிலும் எனக்கு எரிச்சலூட்டிய அந்த ஓசை ஊரில் இல்லை, சித்ரா. எத்தனை ஆண்டுகளாக ஊரின் ஓசை என்று எண்ணியிருந்தேனோ, அறியேன்.

குறிப்பேட்டில் ஒன்பதாம் எண்ணுக்கு எதிரே 'அரையடிக்கும் குறைவு' என்று பிரவீனா எழுதினாள். நான் அதன் கீழ் ஒப்பமிட்டேன். எண்ணெய்க் கறையுடன் அதையே இணைத்துள்ளேன். என் திருத்தமான அட்டவணையைக் கிழித்துவிடவும். ஆய்வரங்கில் பேசப்போகிறவள் பிரவீனாதான். ஒன்பதாம் எண் யார் என்று அவையினர் கேட்டால் என் பெயரைச் சொல் என்று கூறியுள்ளேன். கந்தனும் மற்றத் தறிக்காரர்களும் அடுத்த மின்தடைக்குத் தங்கள் மனைவியரையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ பொங்கலுக்கு வந்தது எனக்குத் தெரியாது. நீ அழைத்தது எனக்குக் கேட்கவில்லை. உனக்கு வேலை உயர்ந்த செய்தியைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். யாரையேனும் கேட்டுப் பார்.

சேலத்தில் காது மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் குனிந்து எழுதிக்கொண்டே கேட்பவராக இருந்தால் என்னால் விடை சொல்ல இயலாது. எனக்கு எதிரே ஒருவர் அமர வேண்டும். நீ வருவாயா? எந்த நாள் உனக்கு ஒழியும்?

கைபேசியில் அழைக்க வேண்டாம். சீக்கிரம் பதில் எழுது.

உன்,
அமுதா